மறுமொழி: தடுக்கப்பட்ட ஐசோசயனேட்டா, பூட்டிய ஐசோசயனேட்டா?

அன்புடையீர், வணக்கம்.

சூளையில் உலர்த்தும் பாலியூரித்தேன் மேற்பூச்சுகளில் 'blocked isocyanate' என்றொரு பொருள் உண்டு; எளிதில் வினைபுரியும் ஐசோசயனேட் தொகுதியை வேறொரு சேர்மத்தால் தற்காலிகமாக மூடிவைத்து, சூட்டில் விடுபடச் செய்வது அது. அதற்குத் தமிழ்ப் பெயராக நேற்று முன்மொழியப்பட்ட 'தடுக்கப்பட்ட ஐசோசயனேட்' பிழையான சொல்லன்று. ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 'தடை', 'தடுப்பான்' ஆகிய சொற்களுக்கு வேதியியலில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மூலக்கூறின் பருத்த தொகுதிகள் வினையை வழிமறிப்பதைக் கொள்ளிடத் தடை என்கிறோம். அரிமானத்தை மந்தப்படுத்துவதை அரிமானத் தடுப்பான் என்கிறோம். இங்கே நிகழ்வது இரண்டும் அல்ல. தவிரவும், தடுக்கப்பட்டது மீண்டும் விடுபடும் என்ற குறிப்பு அச்சொல்லில் இல்லை. இந்தப் பொருளின் பயனே அந்த விடுபடுதலில்தான் இருக்கிறது.

ஆமணக்கெண்ணெய் கொண்டு மாற்றியமைத்த ரெசின் ஒன்றைத் தயாரிக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஹைட்ராக்சில் மதிப்பு (எண்ணெயிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளின் அளவைக் காட்டும் எண்) 160 உள்ள எண்ணெயின் சமான எடை, அதாவது ஒரு மோல் ஹைட்ராக்சில் தொகுதியைக் கொண்ட எடை, ஏறத்தாழ 350 கிராம். எண்ணெயில் ஈரம் தங்கினால் அது ஐசோசயனேட்டுடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடாகக் குமிழியிடும் என்பதால், முதலில் அதை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்துகிறோம். பிறகு நைட்ரஜன் சூழலில், இரண்டு சமானம் ஐசோசயனேட் கொண்ட 174 கிராம் டொலுயீன் டைஐசோசயனேட்டில் 350 கிராம் எண்ணெயை மெல்ல மெல்லச் சேர்க்கிறோம். அவசரப்பட்டு வரிசையை மாற்றி, எண்ணெயில் ஐசோசயனேட்டை ஊற்றினால் குடுவையிலேயே களியாக இறுகிவிடும் ஆபத்து உண்டு. வினை முடிந்ததும் கிடைக்கும் 524 கிராம் முன்பலபடியில் (மேலும் வினைபுரிந்து பலபடியாகக்கூடிய இடைநிலைப் பொருளில்) ஒரு சமானம் ஐசோசயனேட், அதாவது எடையில் சுமார் 8 விழுக்காடு, எஞ்சி நிற்கும். இதனுடன் ஐசோசயனேட்டை மூடும் ஆக்சிமான மெத்தில் எத்தில் கீட்டாக்சிமை 87 கிராம் சொட்டுச் சொட்டாக விடும்போது குடுவை தானே சூடேறும். அகச்சிவப்பு நிறமாலையில் 2270 செ.மீ.⁻¹ அருகிலுள்ள ஐசோசயனேட் முகடு மறைந்துவிட்டால், ஐசோசயனேட் முழுவதும் உள்ளே அடங்கிவிட்டது என்று பொருள்.

அந்த ரெசினைப் பாலியாலுடன் (பல ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட சேர்மத்துடன்) கலந்து டப்பாவில் அடைத்து வைத்தாலும் அறை வெப்பநிலையில் உறையாது. தகட்டில் பூசி ஏறத்தாழ 140 முதல் 160 பாகை செல்சியஸில் வைத்தால் ஆக்சிம் கழன்று வெளியேற, ஐசோசயனேட் பாலியாலைப் பற்றிக்கொள்கிறது. அப்போது சூளைக் கதவைத் திறந்தவர் மூக்கைப் பொத்தாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை.

ஆகவே 'பூட்டிய ஐசோசயனேட்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. 'பூட்டப்பட்ட' என்று நீட்ட வேண்டியதில்லை. பூட்டிய வீடு என்றுதானே பேசுகிறோம். பூட்டிய வீட்டினுள் உள்ளது அப்படியே இருக்கிறது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. சூட்டில் ஐசோசயனேட் மீண்டும் விடுபடும் வினையைத் 'திறப்பு' என்பதைவிட 'பூட்டவிழ்ப்பு' என்பது பொருந்தும். ஏர் பூட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட்ட மாடு விலகிப் போவதுபோல ஆக்சிமும் விலகிப் போகிறது. அந்த வழியில் பூட்டுப்பொருள் (ஆக்சிம் போல மூடும் சேர்மம்), பூட்டவிழ் வெப்பநிலை ஆகியவையும் எளிதில் அமைகின்றன. 'பூட்டுவான்' என்ற வடிவம் ஆளைக் குறிப்பதுபோல ஒலிப்பதால் வேண்டாம்.

பாலியூரித்தேனையும் தமிழாக்க வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. யூரித்தேன் என்பது எத்தில் கார்பமேட்டின் பெயர். 1937இல் ஓட்டோ பேயர் குழுவினர் கண்ட வழியில் இன்றும் செய்யப்படும் இந்தப் பலபடி அதிலிருந்து ஆக்கப்படுவதே இல்லை. மூலத்திலேயே பொருந்தாத பெயரைப் பொருள் பார்த்துப் பெயர்ப்பது வீண்வேலை. மாணவர்கள் அதை 'உரித்தேன்' என்று படித்துச் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. தூள்பூச்சுகளில் பயன்படும் யூரெட்டையோன் என்ற சேர்மத்தில் இரண்டு ஐசோசயனேட் தொகுதிகள் ஒன்றையொன்று பிணைத்து வளையமாகின்றன. சூடாக்கினால் வளையம் பிரிகிறதே அன்றி எதுவும் வெளியேறுவதில்லை. பூட்டுப்பொருளே இல்லாத இதற்குத் 'தற்பூட்டு ஐசோசயனேட்' என்று எழுதிப் பார்த்தேன். தூள்பூச்சுத் துறையில் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பூச்சுத் துறையில்) இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.