மாட்டுங்கா முனிசிபல் ஸ்கூலில் கேம்பிரிட்ஜ்: சேர்க்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

தொண்ணூறடி ரோடு:

வணக்கம். பொண்ணுக்கு வரும் டிசம்பர் 31-க்குள் 4 வயது முடியுது, ஜூனில் ஜூனியர் கேஜி சேர்க்கணும். மும்பை தாராவியில் நடந்து போற தூரத்திலேயே தமிழ் மீடியம் முனிசிபல் ஸ்கூல் இருக்கு. மாட்டுங்கா எல்.கே. வாக்ஜி முனிசிபல் ஸ்கூலில் கேம்பிரிட்ஜ் (இங்கிலாந்து போர்டு), விலே பார்லே தீட்சித் ரோடு ஸ்கூலில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்). ரெண்டுக்கும் ஃபீஸ் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது: இந்த ரெண்டுக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? பத்தாவது முடிச்சா சயான் எஸ்.ஐ.இ.எஸ். மாதிரி காலேஜில் பதினொண்ணாவது கிடைக்குமா? நடுவில் திருநெல்வேலிக்குக் குடிபோனா என்ன ஆகும்?

சாக்பீஸ்:

போர்டு பெயரைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பள்ளிக்கு எந்த வகுப்பு வரை அனுமதி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கேம்பிரிட்ஜில் பிரைமரி, லோயர் செகண்டரி, ஐ.ஜி.சி.எஸ்.இ. (நம் பத்தாவதுக்குச் சமமானது) எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். பிரைமரிக்கு அனுமதி வாங்கிய பள்ளிக்கு ஐ.ஜி.சி.எஸ்.இ. தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐ.பி.யிலும் அப்படித்தான்: சின்ன வகுப்புக்கு பி.ஒய்.பி., நடுவில் எம்.ஒய்.பி., கடைசி இரண்டு வருஷம் டிப்ளமா. 'கேண்டிடேட் ஸ்கூல்' என்று சொன்னால் அனுமதி இன்னும் வரவில்லை, ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு அமைப்புகளின் வலைத்தளத்திலும் பள்ளியைத் தேடும் வசதி உண்டு. பள்ளியின் பெயரை அடித்து, எந்தக் கட்டம் போட்டிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் மாட்டியிருக்கும் ஃபிளெக்ஸை நம்ப வேண்டாம்.

அடுத்தது பலரும் கேட்காமல் விடுவது. கேம்பிரிட்ஜ் கணக்குப்படி பிரைமரி 6 ஸ்டேஜ் (ஒரு ஸ்டேஜ் ஒரு வருஷம்), லோயர் செகண்டரி 3, ஐ.ஜி.சி.எஸ்.இ. 2 வருஷம், ஆக 11. நம்மிடம் முதல் வகுப்பிலிருந்து பத்து வரை 10 வருஷம்தான். ஒரு வருஷப் பாடத்தை எங்கேயோ சுருக்கியாக வேண்டும். சில இடங்களில் சீனியர் கேஜியிலேயே ஸ்டேஜ் 1-ஐத் தொட்டுவிடுவார்கள், சில இடங்களில் நாலாவது, ஐந்தாவதில் நெருக்குவார்கள். இந்தப் பள்ளியில் எந்த ஸ்டேஜ் எந்த வகுப்பில் நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைச் சட்டென்று எழுதித் தர முடியாத பள்ளியில் திட்டம் இன்னும் தெளிவாகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வகுப்பறை வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம். கேம்பிரிட்ஜ் மூன்றாம் ஸ்டேஜ் அறிவியலில் 'எந்தத் தாள் அதிகத் தண்ணீர் உறிஞ்சும்' மாதிரி வேலை வரும். நியூஸ் பேப்பர், டிஷ்யூ, நோட்டுத் தாள் மூன்றையும் ஒரே அளவில் வெட்டி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எதை மாற்றினோம், எதை மாற்றாமல் வைத்தோம் என்று அட்டவணை போட வேண்டும். பி.ஒய்.பி.யில் இதே தண்ணீர் ஆறு வாரம் ஓடும் ஒரு யூனிட்டாகி, அறிவியல், கணக்கு, சமூகம் எல்லாம் அதற்குள் வரும். பி.ஒய்.பி.யில் வெளித்தேர்வு கிடையாது, கடைசி வருஷம் பிள்ளைகள் தாங்களே ஆராய்ந்ததைக் காட்டும் ஒரு எக்ஸிபிஷன் மட்டும். கேம்பிரிட்ஜில் பிரைமரி முடிவிலும் லோயர் செகண்டரி முடிவிலும் செக்பாயின்ட் என்று ஒரு தேர்வு எழுதலாம். இங்கிலிஷ், கணக்கு, அறிவியலுக்கு 50-க்கு ஸ்கோர் வரும். பிள்ளை எங்கே நிற்கிறது என்று வெளியாள் சொல்லும் கணக்கு வேண்டும் என்றால் கேம்பிரிட்ஜ். அதுவும் உங்களுக்கு மாட்டுங்கா பக்கம், பார்லே தூரம். நாலு வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

மராத்தியை மறக்காதீர்கள். மகாராஷ்டிராவின் 2020 சட்டப்படி எந்த போர்டாக இருந்தாலும் ஒன்று முதல் பத்து வரை மராத்தி கட்டாயம்.

பேப்பர் ஆறு:

ஐ.ஜி.சி.எஸ்.இ. வகுப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். பொண்ணு அங்கே வர இன்னும் வருஷம் இருக்கு, ஆனா இதையெல்லாம் இப்பவே கேட்டு வைக்கலாம்.

அறிவியலை எப்படித் தருகிறார்கள்? பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் தனித்தனியா, இல்லை 'கம்பைன்ட் சயின்ஸ்' ஒண்ணா? கம்பைன்டில் மூணையும் தொட்டாலும் சான்றிதழில் ஒரே பாடமாத்தான் எண்ணுவார்கள், ஆழமும் குறைவு. பதினொண்ணில் சயின்ஸ் எடுத்தா முதல் ரெண்டு மாசம் மூச்சு முட்டும்.

கோர், எக்ஸ்டெண்டட் என்று ரெண்டு தளம் இருக்கு. கோர் எழுதினா எவ்வளவு நல்லா எழுதினாலும் சி-க்கு மேல் போகாது, ஏ ஸ்டார் எல்லாம் எக்ஸ்டெண்டடில்தான். பிள்ளை திணறுதுன்னு சில பள்ளிகள் கோரில் போட்டுவிடும், பெற்றோருக்கு ரிசல்ட் அன்னைக்குத்தான் தெரியும்.

பயாலஜியை எடுத்துக்கிட்டா எக்ஸ்டெண்டடில் பேப்பர் 2 (40 கேள்வி, 45 நிமிஷம்) 30 சதவீதம், பேப்பர் 4 எழுத்துத் தேர்வு 50, மீதி 20 பிராக்டிகல். இந்த 20-க்கு பேப்பர் 5 எழுதினா நிஜ லேப் வேணும். எழுத்தில் முடியுற மாற்று பேப்பர் 6. லேப் இல்லாத பள்ளி 6-ஐ எடுக்கும். அது தப்பில்லை, ஆனா லேபில் கையே வைக்காத பிள்ளை 6-இல் மாட்டிக்கும். அளவு அட்டவணையைக் கொடுத்து 'இதில் பொருந்தாத ரீடிங் எது, ஏன் அப்படி வந்தது, இன்னொரு தடவை ஏன் அளக்கணும்' என்று கேட்பான். மெனிஸ்கஸை (குழாயில் வளைஞ்சு நிற்கும் தண்ணி மேல்மட்டம்) கண் மட்டத்தில் வெச்சுப் பார்த்தவனுக்கு அது தானா வரும், கைடு மனப்பாடம் பண்ணினவனுக்கு வராது.

பதினொண்ணாவது கிடைக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இங்கிலிஷ் சேர்த்து 5 பாடத்தில் சி-யோ அதற்கு மேலோ வாங்கினா பத்தாவதுக்குச் சமமா எடுத்துக்கும். சிக்கல் தேதியில். இந்தியப் பள்ளிகளுக்கு மார்ச் தேர்வு இருக்கு, ரிசல்ட் மே மாதம் வரும். மே-ஜூன் தேர்வு எழுதினா ரிசல்ட் ஆகஸ்ட், அதுக்குள்ள ஆன்லைன் அட்மிஷன் பாதி தாண்டிடும். எல்லாப் பாடமும் மார்ச்சில் கிடையாது. அதனால் எந்த சீரிஸ் (மார்ச்சா, மே-ஜூனா), எந்தப் பாடங்கள்னு கேளுங்க.

தொண்ணூறடி ரோடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. தேர்வுக் கட்டணம் யார் கட்டுவாங்க? குடிபோறது பத்தி யாரும் சொல்லலையே.

வள்ளியூர் எக்ஸ்பிரஸ்:

கட்டணம் பாடத்துக்கு இவ்வளவுன்னு கேம்பிரிட்ஜுக்குப் போகும். பிரைவேட் ஸ்கூலில் அதை ஃபீஸுக்கு மேல தனியா வாங்குவாங்க. முனிசிபல் ஸ்கூலில் யூனிஃபார்ம், பை, நோட்டு எல்லாம் இலவசம், ஆனா அதையும் தேர்வுக் கட்டணத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம். அட்மிஷன் சமயத்தில் கடிதமாக் கேளுங்க, பதிலும் கடிதமா வாங்குங்க.

குடிபோறது: கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரை இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாற உரிமை உண்டு, டி.சி. தாமதம்னு சேர்க்காம விடக்கூடாது. வயசுக்கேத்த வகுப்பு கிடைக்கும். ஆனா தமிழ்நாட்டில் 2006 சட்டத்தால பத்தாவது வரை தமிழ் கட்டாயம். அஞ்சாவதில் போய் நின்னா, 'அ' எழுதத் தெரியாத பிள்ளைக்கு மத்த எந்தப் பாடமும் இவ்வளவு தொல்லை தராது. இங்கே இருக்கும்போதே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அடிப்படை நிலைச் சான்றிதழை முடிச்சு வைங்க. வீட்டுப் பேச்சு மட்டும் போதாது, எழுத்து வேணும்.

இன்னொண்ணு, நீங்க கேட்காதது. அரசாங்கம் தொடங்குற இந்தத் திட்டங்களுக்கு ஆயுசு நிச்சயமில்லை. மகாராஷ்டிராவே சர்வதேசக் கல்வி வாரியம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி) பள்ளிகளை அதில் சேர்த்து, 2020-ல கலைச்சுது. டெல்லி 2021-ல தனி போர்டு தொடங்கி ஐ.பி.யோட ஒப்பந்தம் போட்டுது, அங்கே ஐ.பி. கூட்டாளியாத்தான் இருந்துது, பிள்ளைக்குக் கிடைச்சது டெல்லி போர்டு சான்றிதழ். அதனால வாக்ஜியில் சேர்த்தாலும், கணக்கில் மட்டும் மத்திய அரசோட என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வீட்டில் கூடவே ஓட்டுங்க. போர்டு மாறினா முதல்ல இடிக்கறது அதுதான்.

சாக்பீஸ்:

வள்ளியூர் சொல்வதில் கணக்கு பற்றியது மூன்றாவதுக்கு மேல் சரி, அதற்கு முன் இரண்டு புத்தகம் வேண்டாம், பிள்ளை வெறுத்துவிடும். அட்மிஷனுக்கு: பிறப்புச் சான்றிதழ், ஆதார், முகவரிச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். ஆதாரைத் திருத்த நாளாகும், இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல்தான், அதில் பெயர் வந்தபிறகு திருத்த ஓடினால் நேரம் போதாது.