ஏடிஹெச்டி (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) இருக்கான்னு எப்படிங்க பாப்பாங்க? ஸ்கேன் எடுக்கோணுமா?

கோபி அம்மிணி:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. என்ற பையனுக்கு 7 வயசு, ரெண்டாவது படிக்கறான். சோறு உண்டு முடிக்கறதுக்குள்ள நாலு தடவ எந்திரிச்சுப் போயி திண்ணைல குதிச்சுட்டு வருவான், ஸ்கூல் டைரி பூரா மிஸ் செவப்பு மையில "முடிக்கலை முடிக்கலை"ன்னு எழுதி அனுப்பறாங்க. போன வாரம் ஒரு கிளினிக்குல காட்டுனோம், பத்து நிமிசம் பாத்துட்டு ஏடிஹெச்டின்னு சொல்லி மாத்திரை எழுதிட்டாங்க, இன்னும் குடுக்கலீங்க. மாமியாரு என்னடான்னா அவுங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், வளந்தா சேரியாப் போயிரும்ங்கறாங்க. பக்கத்து வூட்டுல மூளை ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்ங்கறாங்க. கார்ட்டூன் போட்டா ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கானே, அப்ப எப்படிங்க இது ஏடிஹெச்டி ஆகும்? ராத்திரி தூக்கமே வரலீங்க.

திருப்பூர்க்காரன்:
அக்கா, ஸ்கேன்லயும் தெரியாது, ரத்தத்துலயும் தெரியாது. எங்க பையனுக்கு கோயம்புத்தூர்ல பாத்தோம், மூணு தடவ போயி வந்தோமுங்க. மொத நாள் பூரா கேள்விதான், மாசம் ஆகிப் பொறந்தானா, எப்ப நடந்தான், எப்ப பேசுனான், ராத்திரி எத்தன மணிக்குத் தூங்கறான், குறட்டை விடறானா, வூட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கான்னு. உங்க மாமியாரு சொன்னதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, இது பரம்பரையா வர்றது எச்சு, அவங்களுக்கு அது முக்கியமான தகவலுங்க. அப்புறம் காது, கண்ணு பாத்தாங்க. காது சரியாக் கேக்காத பையனும் சொல்றது கேக்காத மாதிரியேதான் இருப்பான். எழுத்துக்கூட்டிப் படிக்கறதுல செரமம் இருந்தாலும் கவனம் ஓடிரும், அதனால படிப்பு டெஸ்டும், ஐ.க்யூ டெஸ்டும் வெச்சாங்க. திடீர்னு கொஞ்ச நேரம் வெறிச்சுப் பாத்துட்டு நிக்கறானான்னு கூட கேட்டாங்க, அது ஒரு வகை வலிப்பா இருக்கலாமாம், அப்படி சந்தேகம் வந்தாத்தான் ஈ.ஈ.ஜி., அதான் மூளை மின்னலைப் பதிவு எடுப்பாங்களாம்.

தாராபுரம் டீச்சர்:
20 வருசமா கிளாஸ்ல நிக்கறேன், ஏடிஹெச்டி இருக்கான்னு பாக்க டாக்டருங்க குடுக்கற கேள்வி பாரத்தை நானே நெறய பசங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வாண்டர்பில்ட்னு ஒண்ணு, அம்மா அப்பாவுக்கு 55 கேள்வி, டீச்சருக்கு 43. குறி பத்தின கேள்விக்கெல்லாம் "இல்ல", "எப்பவாச்சும்", "அடிக்கடி", "ரொம்ப அடிக்கடி"ன்னு நாலு பதில், கடைசி ரெண்டத்தான் கணக்குல எடுப்பாங்க. கவனக்குறைவுக்கு 9 குறி, துறுதுறுப்புக்கு 9 குறி, ஏதாவது ஒரு பக்கம் 6 இருக்கோணும், அதுவும் ஆறு மாசமா இருக்கோணும், 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கோணும், வூட்டுலயும் ஸ்கூல்லயும்னு ரெண்டு எடத்துலயாவது இருக்கோணும். ஸ்கூல்ல கேக்காம பத்து நிமிசத்துல முடிவு சொன்னா எனக்கு மனசு ஒப்பவே மாட்டேங்குது அம்மிணி. பாரத்துல பையன் பாவம்னு கம்மியாவும் போடாதீங்க, கோவத்துல எச்சாவும் போடாதீங்க. கார்ட்டூன் கேட்டீங்களே, நொடிக்கு நொடி மாறற படத்துக்கு எந்தக் கொழந்தையும் உக்காரும், அத வெச்சு இல்லைன்னு சொல்ல முடியாது, கணக்கு நோட்டு முன்னாடி என்ன ஆகுதுன்னு பாக்கோணும். போற அன்னிக்கு பழைய நோட்டெல்லாம் எடுத்துட்டுப் போங்க, மொதல் நாலு வரி குண்டு குண்டா அழகா இருக்கும், அஞ்சாவது வரி பாதில நிக்கும், அதப் பாத்தாலே அவங்களுக்குப் புரியும்.

ஜன்னலோரம்:
பொண்ணுங்கள மறந்தராதீங்க. எம்மவ ஒரு சேட்டையும் பண்ண மாட்டா, ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருப்பா, அதனாலயே அஞ்சாவது வரைக்கும் ஒருத்தருக்கும் தோணல. கவனக்குறைவு மட்டும் இருக்கற வகைன்னாங்க. காசு செரமம்னா ஜி.எச்.ல டி.இ.ஐ.சி.ன்னு கேளுங்க, கொழந்தைங்க வளர்ச்சில இருக்கற கொறைய சீக்கிரமே கண்டுபுடிச்சுப் பாக்கற மாவட்ட மையம் அது, 18 வயசு வரைக்கும் பாப்பாங்க, இலவசம்.

கோபி அம்மிணி:
ரொம்ப நன்றிங்க. கொழந்தைங்க மனநல டாக்டர்கிட்ட தேதி கேட்டிருக்கோம், மிஸ்கிட்டயும் பேசிட்டேன், பாரம் எழுதித் தர்றேன்னாங்க. ஒண்ணாவது நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்னு கட்டி வெச்சிருந்தேன், இப்பத்தான் கயித்த அவுத்து எடுத்தேன். டீச்சர் சொன்ன மாதிரியேதானுங்க இருக்குது, நாலு வரி.