மதிய இடைவேளையில் ஷூபர்ட்: இலவசக் கச்சேரி அனுபவங்கள்

ரொறன்ரோவிலிருந்து

டவுன்ரவுனில் வேலை செய்கிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குயின் வீதியும் யூனிவர்சிட்டி அவெனியூவும் சந்திக்கிற மூலையில் கண்ணாடிச் சுவரோடு நிற்கிறதே ஃபோர் சீசன்ஸ் சென்டர் என்ற ஒபேரா (இசைநாடக) அரங்கம், அதன் மேல்தளத்தில் ரிச்சர்ட் பிராட்ஷா ஆம்பிதியேட்டர் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் முடியும்வரை, சில வாரநாட்களில் மதியம் 12 மணிக்குக் கனடியன் ஒபேரா கம்பனி அங்கே இலவசக் கச்சேரி வைக்கிறது. ஜாஸ், நடனம், தனிப் பியானோ எல்லாம் உண்டு. நான் தேடிப் போவது ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டும் இருக்கிற நாட்களுக்குத்தான்.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். படிகள் மாதிரி அடுக்கின இருக்கைகள், நூறு பேர் வந்தால் நிறைந்துவிடும். பாடுகிறவருக்குப் பின்னால் திரை கிடையாது, கண்ணாடிதான். யூனிவர்சிட்டி அவெனியூவில் கார்கள் போய்க்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஆஸ்பத்திரிகள் இருப்பதால் அம்புலன்ஸ் சத்தமும் சிலவேளை லேசாக உள்ளே வரும். கீழே இருக்கிற பெரிய மண்டபத்தைச் சப்வே அதிர்வு தொடாதபடி ரப்பர் அட்டைகளின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த மேல்தளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஊர் உங்களோடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மைக் கிடையாது. சபாக்களிலும் கோயில்களிலும் ஸ்பீக்கர் வழியாகவே பாட்டுக் கேட்டுப் பழகின நமக்கு இது முதலில் ஒரு அதிர்ச்சி. ஒரு சொப்ரானோ, அதாவது உயர்ந்த குரல் பாடகி, மேல்ஸ்தாயியில் நின்று ஒரு சுரத்தை விரித்தபோது என் கையிலிருந்த நிகழ்ச்சித் தாள் நடுங்கியதை உணர்ந்தேன். பத்தடி தூரத்தில் ஒரு மனித உடம்பிலிருந்து அவ்வளவு ஒலி வருகிறது என்பதை நேரில் கேட்டால்தான் நம்ப முடியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது பியானோவைப் பற்றி.

கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பக்கவாத்தியம் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. வயலின் பாட்டை நிழல் மாதிரித் தொடரும், தன் முறை வரும்போது வாசிக்கும், திரும்பப் பின்னால் ஒதுங்கும். பியானோவிடமும் காது அதையே எதிர்பார்க்கிறது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவராம், தொடங்குவதற்கு முன் என் பக்கம் குனிந்து, "பாட்டு தானாகக் காதில் விழும். நீங்கள் பியானோக்காரரின் வலது கையைப் பாருங்கள்" என்றார்.

அன்று முதல் பாட்டு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'கிரெட்சன் இராட்டையில்'. சொற்கள் ஜெர்மன் கவிஞர் கதேயுடையவை. 1814 அக்டோபரில் இதை எழுதியபோது ஷூபர்ட்டுக்கு வயது 17. காதலனை நினைத்து இராட்டை சுற்றுகிற ஒரு பெண்ணின் பாட்டு. பியானோவின் வலது கை நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கிறது, அதுதான் சக்கரம். இடது கையில் ஒரு தட்டல், அது கால்மிதி. அவள் அவனுடைய நடையை, சிரிப்பை, கையை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு போகிறாள், பியானோவும் கூடவே ஏறிக்கொண்டு போகிறது. அவன் தந்த முத்தத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. அப்புறம் சக்கரம் ஒருமுறை தொடங்கித் தயங்குகிறது, மறுபடி தொடங்கித் தயங்குகிறது, அதற்குப் பிறகுதான் பழைய சுழற்சிக்கு வருகிறது. அவள் கைவேலையை மறந்து உட்கார்ந்திருந்தாள் என்று பாட்டின் சொற்களில் எங்கேயும் இல்லை. அதைச் சொன்னது பியானோ. எனக்கு ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனாலும் அந்த நிறுத்தத்தில் தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகு வேறு மாதிரித்தான் கேட்கிறேன். ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' பாடினார்கள் என்றால் கண் நேராகப் பியானோக்காரரின் மணிக்கட்டுக்குப் போகும். இரவில், காய்ச்சல் கண்ட பிள்ளையை அணைத்துக்கொண்டு தகப்பன் குதிரையில் விரைகிறான். கதை சொல்கிறவன், தகப்பன், பிள்ளை, பிள்ளையை அழைக்கிற அந்த மாயராஜா என்று நாலு குரலையும் ஒரே பாடகர் பாட வேண்டும். குதிரை பியானோவின் பாடு. ஒரே சுரத்தை எட்டு சுர இடைவெளியில் இரண்டு விரலால் படபடவென்று நாலு நிமிடம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும், பாதிக்கு மேல் முன்கை நரம்பு புடைத்துவிடும். கடைசியில் குதிரை நிற்கிறது, பியானோ ஓய்கிறது, பிள்ளை செத்துவிட்டதைப் பாடகர் தனியாகச் சொல்லி முடிக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாடுகிறவர் பியானோவின் வளைவில் நம்மைப் பார்த்து நிற்கிறார். நம் கச்சேரிகளில் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்ட வழியில்லை. பியானோக்காரருக்குத் தெரிவது பாடகரின் முதுகும் விலாவும்தான். மூச்சு உள்ளே போகிறபோது தோள் எழுகிற அந்த நொடியை வைத்துத்தான் கை விழுகிறது. ஒருமுறை ஒரு பாடகி வழக்கத்தைவிட நீளமாக மூச்செடுத்தார். பியானோவில் விரல்கள் கட்டைகளுக்கு மேலேயே காத்திருந்து, சொல்லும் சுரமும் ஒன்றாகவே இறங்கின.

பாடுகிறவர்களில் பலர் அந்தக் கம்பனியின் ஒன்சாம்பிள் ஸ்டூடியோவில் பயிற்சி பெறுகிற இளைஞர்கள். 1980இல் தொடங்கிய திட்டம் அது. பின்னாளில் உலகெங்கும் பாடிய பென் ஹெப்னர் அங்கே பயின்றவர்தான். காசு வாங்காத கச்சேரி என்பதற்காக யாரும் குறைத்துப் பாடுவதைப் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: ஒஸ்குட் நிலையத்தில் இறங்குங்கள். நேரத்தோடு போங்கள், பாட்டு நடக்கும்போது உள்ளே விடமாட்டார்கள். எந்த நாள், முன்பதிவு உண்டா என்பதைக் கம்பனியின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை முன்னதாகவே முடித்துவிடுங்கள். பாட்டுத் தொகுதிகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்ட மாட்டார்கள், பியானோக்காரர் கையை மடியில் வைக்கும்வரை பொறுங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் பாட்டுகளில் இது ரொம்ப முக்கியம். 'கவிஞனின் காதல்' என்ற அவருடைய 16 பாட்டுத் தொகுதியில் பாடகர் முடித்த பிறகும் பியானோ தனியாக வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கும். அந்தத் தொகுதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

லண்டனிலிருந்து

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பிக்கடில்லியில் இருக்கிற செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டியது, 1684இல் திறந்தார்கள். கவிஞர் வில்லியம் பிளேக்குக்கு ஞானஸ்நானம் நடந்தது இங்கேதான். வேலை நாட்களில் மதியம் ஒரு மணி தாண்டித் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற கச்சேரிகள் இங்கே வெகுகாலமாக நடக்கின்றன. டிக்கெட் இல்லை, விரும்பினால் காணிக்கை போடலாம்.

உங்கள் கண்ணாடி அரங்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எதிரொலி. குரல் மேலே போய்ச் சுற்றிவிட்டுத்தான் வரும். பின்வரிசையில் இருந்தால் அது அழகாகத்தான் இருக்கும், ஆனால் சொற்கள் கரைந்துபோகும், பியானோவின் இடது கை மொத்தமாகக் குழம்பிவிடும். நீங்கள் சொல்கிற சக்கரமும் கால்மிதியும் கேட்க வேண்டுமென்றால் முதல் ஐந்து வரிசைக்குள் உட்காருங்கள்.

ஒரு குளிர்காலத்தில் மெசோ (நடுக்குரல் பாடகி) ஒருவர் பிராம்ஸ் என்ற இசையமைப்பாளரின் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். பின்பெஞ்சில் வீடற்ற ஒருவர் மூட்டைகளோடு படுத்திருந்தார். யாரும் எழுப்பவில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மொழிபெயர்ப்புத் தாளைக் கேட்டு வாங்கி, கடைசிவரை விரலை வரிக்கு வரி ஓட்டிக்கொண்டு கேட்டார். இலவசம் என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. பத்து பவுண் டிக்கெட் வைத்திருந்தால் அவரும் வந்திருக்கமாட்டார், அப்போது கையில் காசில்லாத மாணவியாக இருந்த நானும் வந்திருக்கமாட்டேன்.

இங்கே மதியக் கச்சேரிக்கு ஒரு பெரிய முன்கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடத்திலிருந்து ஓவியங்களையெல்லாம் வெளியூர்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் சுவர்களோடு இருந்த அந்தக் கட்டடத்தில் 1939 அக்டோபர் 10ஆம் தேதி பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். 1946 வரை 1,698 கச்சேரிகள், நுழைவு ஒரு ஷில்லிங். குண்டுவீச்சு கடுமையானபோது நிலவறைக்கு மாறினார்களே தவிர நிறுத்தவில்லை. குண்டு போட்டது ஜெர்மனி, அந்த நிலவறையில் கேட்டவற்றில் பேத்தோவனும் ஷூபர்ட்டும் ஷூமனும் உண்டு. போர்ச்சத்தம் கேட்டு வந்தவள் நான், இந்த விவரத்தை முதலில் அறிந்தபோது அன்று முழுவதும் வேறெதுவும் மனதில் ஓடவில்லை. சிகாகோவில் இன்றும் மைரா ஹெஸ் பெயரில் புதன்கிழமை மதியங்களில் இலவசக் கச்சேரி நடக்கிறது, அந்தப் பக்கம் இருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

ஸ்காபரோவிலிருந்து

அண்ணா சொன்ன கச்சேரிக்கு நான் மகளைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொல்கிறேன். ரோயல் கொன்சர்வேட்டரி இசைப் பரீட்சைகளுக்காக ஸ்கேலும் எட்யூடும் என்று பயிற்சிகளாகவே வாசித்து வாசித்துப் பியானோ என்றாலே முகம் சுளிக்கிற நிலைமைக்கு வந்திருந்தாள். நம்மவர் வீடுகளில் நிறையப் பிள்ளைகள் இப்படித்தான். பரீட்சைக்கு மட்டும் வாசிப்பார்கள், இன்னொருவருக்காக வாசித்ததே இருக்காது.

கச்சேரி முடிந்ததும் கேட்பவர்கள் படியிறங்கிப் போய்ப் பேசினால் கலைஞர்கள் நின்று பேசுகிறார்கள். மகள் பாடகியை விட்டுவிட்டுப் பியானோக்காரரிடம் போய், வீட்டில் தான் பார்த்த நோட்டில் இந்தப் பாட்டு வேறு சுருதியில் இருக்கிறதே என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுத் தன் பிரதியைத் திறந்து காட்டினார். ஒரே பாட்டை உயர்ந்த குரல், நடுக்குரல், தாழ்ந்த குரல் என்று மூன்று சுருதியில் அச்சிட்டு விற்கிறார்களாம். பாடுகிறவர் சுருதியை மாற்றினால் அவருக்கு அது தொண்டை வசதி. பியானோவில் வெள்ளைக்கட்டை கறுப்புக்கட்டை எல்லாம் இடம் மாறி, விரல்களைப் புதிதாகவே பழக்க வேண்டும். "எர்ல்கோனிக்கைப் போன வாரம் ஒரு சுருதியில் வாசித்தேன், இன்றைக்கு இன்னொன்று" என்றார்.

திரும்பி வரும்போது சப்வேயில் அவள் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, சித்தி மகள் தேவாலயத்தில் பாடுகிறாள் அல்லவா, அவளைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பாட்டுக்கு வாசித்துப் பார்த்தாள். பாட்டுக்காரி நடுவில் வேகம் பிடித்தால் இவள் தடுமாறினாள், இவள் தடுமாறினால் அவள் நின்றாள். இரண்டு பேரும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்கள். இப்போது ஞாயிறு பின்னேரங்களில் இது வழக்கமாகிவிட்டது.

அண்ணா, அடுத்த குரல் கச்சேரி எந்த நாள் என்று தெரிந்தால் இங்கே போடுங்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்றால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.