ஃபைபர் படகு: ரெசின் பிசுபிசுப்பு போகவில்லை, உதவி தேவை

புதுத்துடுப்பு: அவசரம். படகின் அடியில் இருந்த விரிசலை அடைத்து மேலே ரெசின் பூசினேன். இன்னும் விரலில் ஒட்டுகிறது. அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கூட்டி இன்னொரு பூச்சு பூசலாமா?

அச்சுப்பட்டறை: எந்த ரெசின்? எபாக்சியா, பாலியெஸ்டரா?

ஈரக்காற்று: ஈரப்பதம்தான் காரணம். நான் பார்த்த பிசுபிசுப்பெல்லாம் அதனால் வந்ததுதான். விளக்கு வைத்துச் சூடு காட்டுங்கள்.

பழையவன்: எத்தனை முறை சொல்வது? டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கலக்க வேண்டும். பாலியெஸ்டருக்கு ஹார்டனராக ஊற்றும் பெராக்சைடு, இறுகுவதைத் தொடங்கிவைக்கும் தூண்டி மட்டுமே. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போதும். எபாக்சியில் ஹார்டனரும் ரெசினோடு பிணைந்து வலையாகிறது. அளவு மிஞ்சினால் உள்ளேயே தங்கிப் பூச்சை மென்மையாக்கும். கூட்டவே கூடாது.

அச்சுப்பட்டறை: பாலியெஸ்டர் வேகமாக இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும் பெராக்சைடையும் நேரடியாகக் கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ரெசினில் கோபால்ட் முழுதும் கலந்த பிறகே பெராக்சைடு.

புதுத்துடுப்பு: அடைத்தது எபாக்சி. மேலே பாலியெஸ்டர் ஜெல்கோட், அதாவது படகின் வெளிப்பூச்சு ரெசின்.

கண்ணாடிநார்: விஷயமே அதில்தான் இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் ஒட்டி, அடி கல்லாக இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் தடுத்திருக்கிறது. மெழுகு கலந்த ஜெல்கோட்டில் அந்தத் தொல்லை வராது. அடி கொழகொழவென்று இருந்தால், எபாக்சியில் மிஞ்சிய அமீன் (அதன் ஹார்டனரில் உள்ள வேதிப்பொருள்) பாலியெஸ்டரை இறுகவிடவில்லை. பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும்; எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது.

நீர்க்கோடு: எபாக்சி எதற்கு? வினைல் எஸ்டர் என்ற ரெசினால் அடைத்திருந்தால் ஜெல்கோட் அப்படியே பிடித்திருக்கும்.

பழையவன்: பழுதுபார்ப்புக்கு எபாக்சியே மேல். இறுகும்போது சுருங்குவது குறைவு, பழைய பரப்பை விடாமல் பற்றும். வினைல் எஸ்டரும் எபாக்சியிலிருந்து பிறந்ததுதானே?

நீர்க்கோடு: அதன் மூலக்கூறின் முதுகெலும்பு எபாக்சி, இறுகும் விதம் பாலியெஸ்டருடையது. பாலியெஸ்டரைப் போலவே ஸ்டைரீன் என்ற கரைப்பான், பெராக்சைடு எல்லாம் அதில் உண்டு. பிறப்பைப் பார்த்து ரெசினைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஈரக்காற்று: எபாக்சி மேல் படியும் அமீன் படலமும் ஈரத்தால் வருவதுதான். நான் சொன்னது முழுத் தவறில்லை.

கண்ணாடிநார்: அது சரி. அந்தப் படலம் நீரில் கரையும். வெதுவெதுப்பான நீரால் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள். முதலில் தேய்த்தால் படலம் உள்ளே பரவும்.

புதுத்துடுப்பு: சுரண்டினேன். அடி கொழகொழவென்று தோலாக உரிகிறது. முழுவதும் எடுத்துவிடுகிறேன். மேலே என்ன பூசுவது?

கண்ணாடிநார்: எபாக்சி நன்றாக இறுகியதும் கழுவித் தேய்த்து, இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயின்ட். பூசாமல் விட்டால் வெயிலில் எபாக்சி மஞ்சளாகி மாவுபோல் உதிரும்.

நீர்க்கோடு: பழையவன், வினைல் எஸ்டரில் பழுது பார்த்த படகு எதையாவது கையால் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?