ஏரிப்பாசனச் சிற்றூரின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

ஏரிக்கரையான்:
வணக்கம். எங்கள் ஊர் வாலாஜாபாத் பக்கத்தில் ஏரியை நம்பிப் பயிரிடும் சிற்றூர். கல்வெட்டு ஏதும் இல்லை, கோயிலும் பிற்காலத்தது. ஆனால் தச்சன் மானியம் (தச்சருக்கு விட்ட நிலம்), நீர்க்கட்டி மானியம் (ஏரி நீரைத் திறந்து பாய்ச்சுபவருக்கு விட்ட நிலம்) என்று வயல்களுக்குப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அப்பெயர்களைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஓரிருவரே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே ஊர் வரலாற்றை எழுதிவிட வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

மதகடி:
அந்தப் பெயர்களிலிருந்தே தொடங்குங்கள். ஆர்க்காட்டு நவாப் 1763-இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுத்த பிறகு, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்தார். அதையொட்டி எழுதப்பட்ட ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது; திருப்போரூர், வடக்குப்பட்டுக் கணக்குகள் அச்சிலும் வந்துள்ளன. எத்தனை காணி ஏரிக்கும் கோயிலுக்கும் மானியம், களத்தில் நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நீர்க்கட்டி என ஒவ்வொருவருக்கும் எத்தனை மரக்கால் என்பதெல்லாம் அவற்றில் வரும். இந்தக் களத்துப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர். அச்சொல்லை அந்தப் பொருளில் முதன்முதலாகப் படித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை. பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள, நில விவரங்கள் அடங்கிய 'அ' பதிவேட்டோடு பெயர்களை ஒப்பிட்டு, புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கழனிக்காடு:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஓலைக் கணக்கில் மிராசுதாரர் (பரம்பரை நிலவுரிமை உடையவர்) உரிமை விரிவாக இருக்கும். சேற்றில் இறங்கி நாற்று நட்ட பண்ணையாட்களின் பக்கம் அவ்வளவு விரிவாக இராது. அவர்களுடைய நிலையைச் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதற்கு அதுவே அடிப்படை. உங்கள் ஊரிலும் அத்தகைய நிலம் இருந்ததா, இன்று யார் கையில் இருக்கிறது என்று பாராமல் எழுதினால் அது பாதி ஊரின் வரலாறாகவே நிற்கும். காலனியில் உள்ள முதியவர்களிடம் முதலில் பேசுங்கள்.

ஏரிக்கரையான்:
இருவருக்கும் நன்றி. நேற்றுக் காலனிக்குச் சென்றேன். அங்குள்ள பாட்டி ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு, ஏரியின் மிகைநீர் வழியும் கலங்கல் வரை என்னுடன் நடந்துவந்து, நாங்கள் வெறுமனே 'பள்ளக்கழனி' என்று சொல்லிவந்த இடத்துக்குள்ளேயே மூன்று தனித்தனிப் பெயர்களைக் காட்டினார். எங்கள் வீட்டில் யாரும் அவற்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்றையும் குறித்துக்கொண்டேன், திங்கட்கிழமை 'அ' பதிவேட்டில் புல எண்களைத் தேடப் போகிறேன்.