புதுப்பிப்பு: பூனைக்கு இன்சுலின், ஊசிக்கு முந்தைய அளவு மட்டும் போதாது

முந்தைய இழையில் ஊசிக்கு முன் எடுக்கும் சர்க்கரை அளவைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தேன். அதை மட்டும் நம்பி டோஸைக் கூட்டுவது ஆபத்து.

கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை 12 மணிக்கொருமுறை போடும்போது, பெரும்பாலான பூனைகளுக்குச் சர்க்கரை மிகவும் இறங்குவது ஊசிக்குப் பின் 4 முதல் 8 மணி நேரத்துக்குள். அப்போது இரண்டு மணிக்கொருமுறை பாருங்கள். காது மடலை வெதுவெதுப்பான துணியால் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு ஓரத்தில் குத்தினால் சொட்டு நன்றாகத் திரளும். காலையில் 380 மி.கி./டெ.லி. இருந்தும் நடுவில் 90 காட்டுகிறதா? கூட்டாதீர்கள். மற்றபடி கூட்டுவதானாலும் மருத்துவரிடம் கேட்டு கால் அல்லது அரை யூனிட்தான். அடுத்த மாற்றத்துக்கு 5 முதல் 7 நாளாவது பொறுங்கள்.

சிரிஞ்சையும் பாருங்கள், தயவுசெய்து. யூ-100 மருந்தை (ஒரு மி.லி.யில் 100 யூனிட்) யூ-40 சிரிஞ்சில் (ஒரு மி.லி.க்கு 40 யூனிட் என்று கோடு போட்டது) 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். புட்டியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

பூனை சாப்பிடவில்லையா? ஊசிக்கு முன் மருத்துவரை அழையுங்கள். அளவு 60-க்குக் கீழே போனால் உடனே உணவு. தள்ளாடினால் ஈறில் தேன் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறிவிடும்.