லங்காவியில் படகுக் குடித்தனம்: கரை வேலைகளைப் பற்றிக் கொஞ்சம்

பல்லடத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மலேசியாவின் லங்காவித் தீவில் வேலை கிடைத்திருக்கிறதாம். வாடகை வீட்டுக்குப் பதிலாகப் பழைய பாய்மரப் படகு ஒன்றிலேயே மனைவியோடு குடியிருக்கலாமா என்று யோசிக்கிறாராம். தாராளமாக இருக்கலாம் தம்பி. நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம். லீவுக்குக் கோபிக்கு வந்திருக்கிறேன், கையில் நேரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படகு எதுவானாலும் சரி, அதை எங்கே கட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கடல் அழகைப் பார்த்து முடிவு செய்தால் மளிகைக்கும் துணி துவைக்கவும் அலைந்தே பாதி நாள் போய்விடும். குவா ஊரில் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே ராயல் லங்காவி யாட் கிளப் மரினா இருக்கிறது. மரினா என்றால் கட்டணம் கொடுத்துப் படகைக் கட்டி வைக்கும் துறை. கடைவீதி, படகுத்துறை எல்லாம் நடக்கிற தூரம். தெலாகா மரினா மேற்குக் கரையில் இருக்கிறது, அமைதியான இடம், ஆனால் குவாவுக்கு வர வண்டி வேண்டும். ரெபாக் மரினா இருப்பது தனித் தீவில், அங்கிருந்து சின்னப் படகு ஏறித்தான் லங்காவிக்கே வர முடியும். செலவை மிச்சம் பிடிக்கக் குவாவுக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்பவர்களும் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதல் சில மாதம் மரினாவில் கட்டிப் பழகுங்கள்.

மரினாவில் இருந்தால் குழாயும் கரண்டும் பக்கத்திலேயே. கரண்ட் நம்மூர் மாதிரி 230-240 வோல்ட்தான், பிளக் மட்டும் சதுர மூன்று முள். நங்கூரத்தில் நின்றால் தண்ணீரைக் கேனில் சுமக்க வேண்டும். 20 லிட்டர் கேன் 20 கிலோ. அதை ஆடுகிற டிங்கியிலிருந்து (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) படகின் மேல்தட்டுக்குத் தூக்கிப் பார்த்தால் சிறுவாணித் தண்ணீரின் அருமை புரியும். குடிக்கிற தண்ணீருக்கு ஊருக்குள் காசு போட்டுப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளும் மெஷின்கள் இருக்கின்றன.

டிங்கியைக் கரையில் கட்டும்போது கயிற்றை நீளமாக விடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நீர் ஏறியிருக்கும்போது இழுத்துக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போனால், திரும்பி வரும்போது டிங்கி மூக்கால் தொங்கிக்கொண்டிருக்கும், உள்ளே வைத்ததெல்லாம் சேற்றில் கிடக்கும். கிணற்றில் கட்டிய வாளியை நினைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது கிரைண்டர். நம் பெண்கள் எல்லாரும் கேட்பது இதுதான். டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட்தான் இழுக்கும். அரை மணி நேரம் ஓடினாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஏழு, எட்டு ஆம்பியர்-ஹவருக்குள் (பேட்டரியில் இருக்கும் கரண்டின் அளவு இது) முடிந்துவிடும். மிக்ஸிதான் வில்லன். 750 வாட் மிக்ஸி ஓடுகிற அந்த ஒரு நிமிஷத்துக்குப் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒல்லியான ஒயரும் சின்ன இன்வெர்ட்டரும் தாங்காது. மிக்ஸியை மரினா கரண்டில் மட்டும் போடுங்கள். மாவு அந்த வெக்கையில் சீக்கிரம் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல் மூடியை இறுக்கி, சிங்க் தொட்டிக்குள் உட்கார வையுங்கள். ஃபெர்ரி ஒன்று பக்கத்தில் போனால் போதும், மேடையில் வைத்த மாவு மெத்தைக்கு வந்துவிடும்.

கேஸ் விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் ஜன்னலைத் திறந்துவிடலாம். படகில் அது நேராக அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும், ஒரு சின்னப் பொறி போதும். அதனால் சிலிண்டர் வெளியே, அடியில் கடலைப் பார்த்து ஓட்டை வைத்த தனிப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். அடுப்பை அணைப்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். நம்மூர் ரெகுலேட்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள்.

ஊரிலிருந்து என்ன கொண்டு போவது? பருப்பு, புளி, இட்லி அரிசி எதையும் சுமக்க வேண்டாம், மலேசியாவில் தமிழர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கொள்ளுப் பயறும் வீட்டு மிளகாய்ப்பொடியும் எடுத்துக்கொள்ளுங்கள், காற்றுப் புகாத டப்பாவில். பவானி ஜமக்காளம் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் கனத்த பருத்தி முழுசாகக் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். துணி துவைக்க டோபிக் கடைகளில் காசு போடும் மெஷின் உண்டு, உலர்த்தியே கொடுத்துவிடும். கறிவேப்பிலைச் செடி, விதை, மண் எல்லாம் அனுமதி இல்லாமல் உள்ளே போகாது. அட்டைப்பெட்டி ஒன்றைக்கூடப் படகுக்குள் ஏற்றாதீர்கள். அதன் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும், ஏறிவிட்டால் விரட்டவே முடியாது. மளிகையைக் கரையிலேயே பிரித்துப் பைக்கு மாற்றுங்கள்.

ஆபீஸ் வேலைகளுக்கு ஒன்று நினைவில் வையுங்கள். லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது, அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகம் திறந்திருக்கும். படகை வேறு துறைமுகத்துக்குக் கொண்டுபோனால் துறைமுக அலுவலகம், குடிநுழைவு, சுங்கம் மூன்றிலும் பதிய வேண்டும், காகிதம் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். சிம் கார்டுக்கும் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னால் திடீரென்று மேற்கிலிருந்து சுமத்ரா காற்று வரும். மழையும் இடியும் சேர்ந்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விடும். படுக்கப் போகும் முன் மேல்தட்டில் காயும் துணி, வாளி, செருப்பு எல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். மின்னல் பக்கத்தில் வந்தால் போனையும் கையடக்க ஜிபிஎஸ்ஸையும் சமையல் ஓவனின் இரும்புப் பெட்டிக்குள் வைப்பது படகுக்காரர்கள் பலரின் வழக்கம்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்றும் தம்பி கேட்டிருந்தார். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2026 கடைசி வரை 30 நாளுக்கு விசா வேண்டாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். ஆனால் முட்டி வலியோடு படகு ஏணி ஏறச் சொல்லாதீர்கள் தம்பி. குவாவில் ரூம் போட்டுக் கொடுங்கள். பகலில் நீர் ஏறியிருக்கிற நேரமாகப் பார்த்துப் படகுக்குக் கூட்டி வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.